உதிரும் பொடியும் குழாயின் அகலமும்: இரத்தக்குழாய் உட்படலச் சோதனைத் தொகுப்பு பற்றிய மதிப்புரை

ஒரே மனிதனின் இரத்தத்தை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, முதல் முறை ‘அடைப்பின் தீவிரம்: மிதம்’ என்றும் இரண்டாம் முறை ‘அடைப்பின் தீவிரம்: கடுமை’ என்றும் எழுதிக் கொடுத்த ஒரு சோதனைத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. அந்த மனிதன் நான்தான். எனக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தார்கள். இதயத் தமனிகளில் எந்த இடத்தில் எவ்வளவு குறுகல் இருக்கிறது என்பது படமாகவே என்னிடம் இருந்ததால், இந்தத் தொகுப்பின் கூற்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆய்வகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதை ஒத்த தொகுப்புகள் வேறு பெயர்களிலும் விற்கப்படுகின்றன, நான் கண்ட குறையும் பெரும்பாலும் அந்த வகைத் தொகுப்புக்கே உரியது என்பதால், பெயரைவிட வகையைப் பற்றிப் பேசுவதே படிப்பவருக்குப் பயன்படும்.

தொகுப்பில் ஆறு அளவீடுகள் உள்ளன. இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி, இரத்தத்தில் கரைந்த நிலையிலுள்ள த்ராம்போமாடுலின், ஈ-செலக்டின், ஐகாம்-1, சுருக்கமாக ஏ.டி.எம்.ஏ. எனப்படும் மூலக்கூறு, இவற்றோடு உடலின் அழற்சியைக் காட்டும் நுண்ணளவு சி.ஆர்.பி. ஆகியவை அவை. ஆறையும் கலந்து பூஜ்யம் முதல் நூறு வரையிலான ‘உட்படலச் சேத எண்’ ஒன்றை ஆய்வகம் தானே கணக்கிட்டுத் தருகிறது. அந்த எண்ணுக்கு எதிரே, அறிக்கையின் கடைசிக் கட்டத்தில், பெரிய எழுத்தில், அடைப்பின் தீவிரம் என்ன என்று ஒரு சொல் அச்சாகிறது. என் புகார் முழுவதும் அந்தக் கடைசிக் கட்டத்தின் மீதுதான். அதற்கு முந்தைய ஆறு வரிகளைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் நல்ல அபிப்பிராயமே உண்டு.

இந்தச் சோதனை எதை அளக்க முயல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை மதிப்பிட முடியாது. இரத்தக்குழாயின் உள்பக்கத்தை ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் மூடியிருக்கிறது. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த உட்படலம் வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் தமனித் துண்டு தளர வேண்டும். ஆனால் தயாரிப்பின்போது உள்பக்கம் உரசப்பட்டு உட்படலம் போய்விட்ட துண்டுகள் தளர மறுத்தன. குழாயைத் தளர்த்தும் செய்தி அந்த மெல்லிய படலத்திலிருந்துதான் வருகிறது என்பது அப்போது புரிந்தது. அந்தச் செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெளிவாயிற்று. ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவரும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

நலமாக இருக்கும்வரை இந்தப் படலம் குழாயைத் தளர்த்தி வைக்கிறது, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளணுக்கள் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல விடுகிறது. புகை, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவற்றால் அது கலங்கும்போது, குறிப்பாகக் குழாய் கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சீர்கெடும்போது, இந்தக் காவல் தளர்ந்து கொழுப்புத் திட்டு உருவாகும் வழி திறக்கிறது. தமனி நோய் உட்படலக் காயத்திலிருந்துதான் தொடங்குகிறது என்ற கருத்தை ரஸ்ஸல் ராஸும் ஜான் குளோம்செட்டும் 1973-இலேயே முன்வைத்தார்கள். ஆகவே உட்படலம் சேதமடைவதன் தடயங்களை இரத்தத்தில் தேடுவது மூடத்தனம் ஆகாது. தேடலுக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது.

தடயங்கள் எப்படி இரத்தத்துக்கு வருகின்றன என்பதை ஒரு பழைய வீட்டுச் சுவரை வைத்து யோசிக்கலாம். பூச்சு பெயரத் தொடங்கிய சுவரிலிருந்து பொடி உதிர்கிறது. தரையில் கிடக்கும் பொடியைப் பார்த்துச் சுவர் நலமாக இல்லை என்று சொல்லிவிடலாம். ஈ-செலக்டின் அப்படிப்பட்ட பொடிதான். தூண்டப்பட்ட உட்படல செல்கள் மட்டுமே அதை உருவாக்குகின்றன, அதன் ஒரு பகுதி அறுபட்டு இரத்தத்தில் கலக்கிறது. ஐகாம்-1 அவ்வளவு தூய சாட்சி இல்லை, ஏனெனில் அது வெள்ளணுக்களிலிருந்தும் வருகிறது, புகைப்பவர்களிடம் கூடுதலாகவும் இருக்கிறது. ஏ.டி.எம்.ஏ. சுவரிலிருந்து உதிர்வதே இல்லை. அது நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் ஒரு பொருள் என்பதால் காரணத்தின் பக்கம் நிற்கிறது. ஆக, தொகுப்பு என்ற ஒரே பையில் உதிரிப் பொடியும், பக்கத்து வீட்டுப் பொடியும், சுவரை அரிக்கும் உப்பும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் ஏதோ சொல்கிறது. கலந்து ஒரே எண்ணாக்கியதும் யார் என்ன சொன்னார்கள் என்பது மறைந்துபோகிறது.

இந்த ஆறில் என்னை மிகவும் ஈர்த்தது வான் வில்லிபிராண்ட் காரணி. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் ஒலாந்துத் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் இரத்தக்கசிவு நோயை விவரித்தார். அந்த நோயில் குறைவது இந்தக் காரணிதான் என்பது பிறகு தெரிந்தது. உட்படல செல்கள் இதைக் கோல் வடிவ நுண்பைகளில் சேமித்து வைத்திருக்கின்றன. எவால்ட் வைபலும் ஜார்ஜ் பாலாடேயும் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட அந்த நுண்பைகள் அவர்கள் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. செல் காயப்பட்டால் பை திறக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும், பதற்றத்தில் அட்ரினலின் சுரந்தாலும், காய்ச்சல் கண்டாலும், கருவுற்றிருந்தாலும் இதன் அளவு கூடுகிறது. வயதோடும் ஏறுகிறது. இவ்வளவு எளிதில் சஞ்சலப்படும் ஒன்றை அளப்பதற்கு, அளக்கும் வேளையின் நிலைமையையும் உடன் எழுதி வைக்க வேண்டும். ஆய்வகம் என்னிடம் கேட்டது, வெறும் வயிற்றில் இருக்கிறீர்களா என்ற ஒன்றை மட்டுமே.

முதல் முறை மாதிரி எடுக்க ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். ஊசி போடுவதில் கைதேர்ந்தவர், வலியே தெரியவில்லை, கட்டுப்பட்டையையும் நீண்ட நேரம் இறுக்கி வைக்கவில்லை. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு என்ற கணக்கில் நீலமூடிக் குழாயைக் குறித்த கோடு வரை சரியாக நிரப்பினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எல்லாக் குழாய்களையும் சேர்த்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மேலும் இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். சிட்ரேட் குழாயிலுள்ள முழு இரத்தத்தைப் பிளாஸ்மாவாகப் பிரிப்பதற்கு முன் குளிர வைத்தால் வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்பது உறைதல் ஆய்வகங்களில் நன்கு அறிந்த செய்தி. அந்தக் குழாயை அறை வெப்பத்தில் கொண்டுபோய் விரைவில் பிரிக்க வேண்டும். இளைஞர் மீது குற்றமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அறிவுறுத்தலே எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருந்திருக்கும்.

அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. வான் வில்லிபிராண்ட் காரணி (நலமானவர்களின் சராசரியை 100 எனக் கொண்டு) 97 விழுக்காடு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 1.4 மில்லிகிராம், மற்றவை வரம்புக்குள், சேத எண் 41, அடைப்பின் தீவிரம் மிதம். பனிக்கட்டிப் பெட்டி நினைவு உறுத்திக்கொண்டே இருந்ததால், மூன்று வாரம் கழித்து ஆய்வகத்துக்கே நேரில் போய் மீண்டும் கொடுத்தேன். கால் மணி நேரம் உட்கார வைத்து, ஊசி போட்டு, கண்ணெதிரிலேயே குழாயைச் சுழலியில் இட்டார்கள். இந்த முறை வான் வில்லிபிராண்ட் காரணி 158, சி.ஆர்.பி. 3.6, சேத எண் 63, அடைப்பின் தீவிரம் கடுமை. சி.ஆர்.பி. கூடியதற்கு என் ஈறே சாட்சி சொல்லும், ஏனெனில் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஈறு வீங்கிக் கிடந்தது. அந்த வீக்கம் வான் வில்லிபிராண்ட் காரணியையும் சற்று ஏற்றியிருக்கலாம். எவ்வளவு குளிரால் குறைந்தது, எவ்வளவு ஈறால் கூடியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. ஆனால் மூன்று வாரத்தில் என் தமனிகளின் குறுகல் மிதத்திலிருந்து கடுமைக்கு நகரவில்லை என்று நம்புவதற்கு எல்லாக் காரணமும் உண்டு. படியேறும்போது எனக்கு வரும் நெஞ்சு இறுக்கம் அன்றும் அதே படியில்தான் வந்தது.

இதைவிட நுட்பமான ஒரு பிழை இரண்டாம் அறிக்கையில் இருந்தது. 158 என்ற எண் பச்சை நிறத்தில் அச்சாகியிருந்தது, ஏனெனில் ஆய்வகத்தின் வரம்பு 50 முதல் 160 வரை. என் இரத்தப் பிரிவு ஓ. ஓ பிரிவினரிடம் இந்தக் காரணி மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். இரத்த தானம் செய்தவர்களிடம் ஜோன் கில் குழுவினர் எடுத்து 1987-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஓ பிரிவின் சராசரி சுமார் 75, ஏ பிரிவுக்கு 106, பி பிரிவுக்கு 117, ஏபி பிரிவுக்கு 123. பிரிவைத் தீர்மானிக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் இந்தக் காரணியின் மேலும் அமைந்திருப்பதும், அவை இல்லாத ஓ வகைக் காரணி இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றப்படுவதும் இதற்குக் காரணம். ஏபி பிரிவுக்காரருக்கு 158 என்பது சற்றே கூடுதல். எனக்கோ அது என் பிரிவின் சராசரியைப் போல் இரு மடங்கு. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய வரியைப் பச்சையில் போட்டுவிட்டு, சொல்லக் கூடாத ஒன்றைக் கடைசிக் கட்டத்தில் சிவப்பில் போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் இரத்தப் பிரிவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இனி அந்தக் கடைசிக் கட்டம். இதயத் தமனி நோயின் தீவிரம் என்பது மருத்துவத்தில் பொத்தாம்பொதுவான சொல்லன்று, அதற்குக் கணக்கு இருக்கிறது. கோஃப்ரெடோ ஜென்சினி வகுத்த முறையில், குறுகல் 25 விழுக்காடு என்றால் 1 புள்ளி, 50 என்றால் 2, 75 என்றால் 4, 90 என்றால் 8, 99 என்றால் 16, முழு அடைப்பு என்றால் 32. அந்தப் புள்ளியை இடத்தின் முக்கியத்துவத்தால் பெருக்க வேண்டும். இடது முதன்மைத் தமனிக்குப் பெருக்கெண் 5, இடது முன் இறங்கு தமனியின் தொடக்கத்துக்கு 2.5, அதன் நடுப்பகுதிக்கு 1.5, வலது இதயத் தமனிக்கு 1. எனக்கு இடது முன் இறங்கு தமனியின் நடுவில் 75 விழுக்காடும், வலது தமனியில் 50 விழுக்காடும் குறுகல். ஆக 6-உம் 2-உம் சேர்ந்து 8. இதே 75 விழுக்காடு இடது முதன்மைத் தமனியில் இருந்திருந்தால் அந்த ஒரு குறுகலே 20 புள்ளியாகியிருக்கும், நானும் இந்நேரம் இரத்தச் சோதனைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

ஸ்டென்ட் வைப்பதா பைபாஸ் செய்வதா என்று தீர்மானிக்க உதவும் சின்டாக்ஸ் மதிப்பெண் இன்னும் விரிவானது. குறுகலின் இடம், கிளை பிரியும் முனையில் இருக்கிறதா என்பது, சுண்ணாம்புப் படிவு, வளைவு, முழு அடைப்பின் தன்மை என எல்லாவற்றையும் கணக்கிட்டு, 22 வரை குறைவு, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் அதிகம் என்று பிரிக்கிறது. இவ்விரு முறைகளிலும் இடம்தான் உயிர்நாடி. இரத்தம் எந்த இடத்திலிருந்து வந்த பொடியையும் ஒன்றாகவே கலந்து கொண்டுவருகிறது. கால் தமனியின் உட்படலமும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் நுரையீரலின் குழாய்களும் அதே பொடியைத்தான் உதிர்க்கின்றன. உடலிலுள்ள எல்லா இரத்தக்குழாய்களோடும் ஒப்பிட்டால் இதயத் தமனிகளின் உட்பரப்பு மிகச் சிறிது. ஊரிலுள்ள எல்லா வீடுகளின் குப்பையையும் ஒரே வண்டியில் அள்ளி வந்து, அதில் கிடக்கும் சுண்ணாம்பைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட வீட்டின் நடைவழி எத்தனை அடி அகலம் என்று சொல்ல முயல்வது போன்றது இது.

அப்படியே இதயத் தமனியிலிருந்து மட்டும் வந்த பொடியைத் தனியே பிரிக்க முடிந்தாலும் கணக்கு ஒத்துவராது. சீமோர் கிளாகோவ் குழுவினர் 1987-இல் காட்டியது இதன் ஒரு பக்கம். கொழுப்புத் திட்டு வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. திட்டு, தமனிச் சுவருக்குள் அடங்கும் பரப்பில் சுமார் 40 விழுக்காட்டைப் பிடிக்கும்வரை இரத்தம் ஓடும் வழி பெரிதாகக் குறுகுவதில்லை. அதாவது ஆஞ்சியோகிராமில் அழகாகத் தெரியும் தமனியின் சுவர் நோயால் நிறைந்திருக்கலாம், அதன் உட்படலம் கலங்கிக் கிடக்கலாம். மறுபக்கத்தை 1999-இல் முட்டான் குழுவினர் காட்டினார்கள். உட்படலத்திலிருந்து முழுதாகக் கழன்று இரத்தத்தில் மிதக்கும் செல்களை அவர்கள் எண்ணிப் பார்த்தபோது, மாரடைப்பு வந்தவர்களிடமும் நிலையற்ற நெஞ்சுவலி கொண்டவர்களிடமும் அவை கூடுதலாக இருந்தன. ஆனால் நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களிடம் நலமானவர்களிடம் இருந்ததற்கு மேல் இல்லை. நிலையான வலிக்காரர்களுக்குக் குறுகல் இல்லாமல் இல்லை. திட்டின் மேல் நார்த்திசு மூடி, உட்படலம் மறுபடி படர்ந்து, அந்த இடம் அமைதியாகிவிட்டால் பொடி உதிர்வது நின்றுபோகும், குறுகல் மட்டும் அப்படியே நிற்கும்.

இந்த இரு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தொகுப்பின் உண்மையான ஆபத்து தெரிகிறது. ‘கடுமை’ என்று வந்தால் ஒருவர் பயந்து மருத்துவரிடம் ஓடுவார், போனால் அங்கே தெளிவு கிடைத்துவிடும். ‘மிதம்’ அல்லது ‘இல்லை’ என்று வருவதுதான் எனக்குக் கவலை தருகிறது. இடது முதன்மைத் தமனியில் பழைய, அமைதியான, கடுமையான குறுகலோடு இருக்கும் ஒருவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதித் தந்த ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போட இடமுண்டு. நெஞ்சில் வலியோ இறுக்கமோ தொடங்கியிருக்கும் எவரும் இந்தத் தொகுப்பின் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது ஈ.சி.ஜி.யும், இதயத் தசையின் காயத்தைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையும், உடனடி மருத்துவமனையும்தான்.

அறிக்கையோடு ஒரு வண்ணக் கையேடும் வருகிறது. அதில், சேதக் குறிப்பான்களுக்கும் அடைப்பின் தீவிரத்துக்கும் உள்ள தொடர்பு ‘புள்ளியியல்படி மிக உறுதியானது’ என்றும், பி மதிப்பு 0.001-க்குக் கீழே என்றும் போட்டிருக்கிறார்கள். பி மதிப்பு சிறியது என்றால், தொடர்பே இல்லாத நிலையில் தற்செயலாக மட்டும் இப்படி ஒரு முடிவு வருவது அரிது என்று பொருள். தொடர்பு வலிமையானது என்று பொருளில்லை. ஆயிரம் பேரை அளந்தால் 0.1 என்ற மிக மெலிந்த தொடர்புக்கும் பி மதிப்பு 0.01-க்குக் கீழே போய்விடும். தொடர்பு 0.4 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதன் இருமடி 0.16, அதாவது தீவிரத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 16 விழுக்காட்டை மட்டுமே அந்தக் குறிப்பான் விளக்குகிறது. கையேட்டின் படத்தில் மூன்று பட்டைகள் படிப்படியாக உயர்கின்றன. அவை சராசரிகள் மட்டுமே. ஒவ்வொரு மனிதரையும் ஒரு புள்ளியாக வைத்து வரைந்திருந்தால் மூன்று கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பது தெரிந்திருக்கும், ஒற்றை ஆளின் எண்ணை வைத்து அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல முடியாது என்பதும் விளங்கியிருக்கும். கூட்டத்துக்கு உண்மையாக இருப்பதைத் தனி ஆளின் தலையில் எழுதும் இந்தப் பழக்கம் இந்த ஆய்வகம் கண்டுபிடித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் அண்ணனுக்குச் சில ஆண்டுகளாகச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்துவருகிறது. என் பேச்சைக் கேட்டு அவரும் இந்தத் தொகுப்பை எடுத்தார், அதற்காக இன்றுவரை வருந்துகிறேன். அவருக்குச் சேத எண் 81 வந்தது, தீவிரம் ‘மிகக் கடுமை’. அந்த எண்ணை மேலே தள்ளியவை ஏ.டி.எம்.ஏ.வும் த்ராம்போமாடுலினும். பாட்ரிக் வாலன்ஸ் குழுவினர் 1992-இல் ஏ.டி.எம்.ஏ.வைப் பற்றி உலகுக்குச் சொன்னதே, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தில் அது தேங்குகிறது என்றுதான். த்ராம்போமாடுலினும் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாதபோது கூடுகிறது. இதயத் தமனிகளைப் படமெடுத்துப் பார்த்தபோது அண்ணனுக்கு ஒரே ஓர் இடத்தில் 25 விழுக்காட்டுக்கும் குறைவான குறுகல்தான் இருந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல இந்தச் சோதனை தேவையில்லை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை போதும். இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்த அண்ணன், படம் பார்த்த பிறகு என்னிடம், “தம்பி, இனிமேல் நீ சொல்லி நான் விரலைக்கூடக் குத்த மாட்டேன்” என்றார்.

த்ராம்போமாடுலினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேத எண்ணின் கணக்கில் அது கூடினால் கெட்டது என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் நலமாக இருந்தவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஏரிக் ஆய்வு 1999-இல் வெளியிட்ட முடிவில், த்ராம்போமாடுலின் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதயத் தமனி நோய் குறைவாகவே வந்தது. இந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று இரத்தம் உறைவதைத் தடுப்பது. அது இரத்தத்தில் மிகுதியாக இருப்பது, செல்கள் அதை மிகுதியாக உருவாக்குவதாலும் இருக்கலாம், செல்கள் சிதைவதாலும் இருக்கலாம். நலமானவரிடம் ஒரு பொருளும் நோயாளியிடம் வேறொரு பொருளும் தரும் ஓர் எண்ணுக்கு ஒரே திசையில் எடை போட்டுக் கூட்டியிருப்பது, அந்தக் கணக்கை எழுதியவர் நிதானமாக யோசிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. கணக்கின் விவரம் என்ன என்று எழுதிக் கேட்டதற்கு, அது நிறுவனத்தின் தனி உரிமை என்று பதில் வந்தது.

குறைகளை இவ்வளவு அடுக்கிய பிறகு நிறைகளையும் சொல்வதே முறை. அறிக்கையில் ஒவ்வொரு அளவுக்கும் எந்த முறையில் அளந்தார்கள் என்பது தெளிவாக இருக்கிறது. ஏ.டி.எம்.ஏ.வை, மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள், புரதங்களில் பெரும்பாலானவற்றை எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் எலைசா முறையில் அளக்கிறார்கள். முறையை அச்சிடுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஈ-செலக்டின், ஐகாம்-1 போன்றவற்றில் ஒரு நிறுவனத்தின் கருவித்தொகுதி தரும் எண்ணும் இன்னொன்று தரும் எண்ணும் பொருந்துவதில்லை என்பதால், முறை தெரியாத எண்ணை வேறோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. வான் வில்லிபிராண்ட் காரணிக்கும் சி.ஆர்.பி.க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தரம் இருக்கிறது. ஆறு மூல அளவுகளையும் மறைக்காமல் தருவதும் நேர்மையானது. சேத எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் இந்த மதிப்புரையை என்னால் எழுதியிருக்க முடியாது.

தொலைபேசியில் அறிக்கையை விளக்கிய பெண் மருத்துவரையும் பாராட்ட வேண்டும். என்னிடம் ஆஞ்சியோகிராம் இருக்கிறது என்று சொன்னதுமே, “அப்படியென்றால் குறுகலைப் பற்றி எங்கள் அறிக்கையைப் பார்க்காதீர்கள் ஐயா, அந்தப் படத்தையே நம்புங்கள்” என்றார். ஆஞ்சியோகிராம் இல்லாதவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வேன் என்றார். அது நல்ல பதில். அந்த மூன்றும் இந்தத் தொகுப்பில் இல்லை.

ஆறில் எந்த வரி காசுக்குத் தகும் என்று கேட்டால், முதலில் நுண்ணளவு சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம், 10-க்கு மேல் போனால் தொற்றோ அழற்சியோ அடங்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்ற தெளிந்த வரம்புகள் அதற்கு உண்டு. ஆனால் அது தனியாகவே எங்கும் கிடைக்கும், இதற்காகத் தொகுப்பு வாங்கத் தேவையில்லை. அடுத்தது, ஒழுங்காக எடுத்து, இரத்தப் பிரிவோடு சேர்த்துப் படிக்கப்பட்ட வான் வில்லிபிராண்ட் காரணி. மற்ற நான்கும் ஆராய்ச்சியாளருக்குப் பொன், தனி நோயாளிக்கு இன்றைய நிலையில் குழப்பம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட தடுப்பு வழிகாட்டியும், அபாயத்தைக் கணிக்க இத்தகைய இரத்தக் குறிப்பான்களை வழக்கமாக அளப்பதைப் பரிந்துரைக்கவில்லை. நிறுவனத்தின் கையேட்டில் இந்த வழிகாட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உட்படலத்தின் நலத்தை நேரடியாகவே பார்க்க விரும்புபவருக்கு வேறு வழி இருக்கிறது. 1986-இல் லுட்மர் குழுவினர் இதயத் தமனிக்குள்ளேயே அசிட்டைல்கோலின் செலுத்திப் பார்த்தார்கள். நலமான தமனி விரிந்தது, நோயுற்ற தமனி சுருங்கியது. ஃபர்ச்காட்டின் முயல் தமனியில் கண்டது மனித இதயத்தில் நிறுவப்பட்டது. 1992-இல் செலர்மாயர் குழுவினர் ஊசியே இல்லாமல், முழங்கையருகே ஓடும் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, கையில் பட்டையை சில நிமிடங்கள் இறுக்கி விட்டு, ஓட்டம் பாய்ந்து திரும்பும்போது தமனி எவ்வளவு விரிகிறது என்று அளந்து காட்டினார்கள். உட்படலம் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அது நேர்ப் பதில். அதுவும் குறுகலின் அளவைச் சொல்லாது. ஆனால் அதைச் செய்பவர்கள் அப்படிச் சொல்வதாகப் பாவனை செய்வதும் இல்லை.

ஆய்வகத்துக்கு மூன்று கோரிக்கைகளை எழுதி அனுப்பினேன். சிட்ரேட் குழாயைப் பனிக்கட்டியில் வைக்காதீர்கள், விண்ணப்பத்தில் இரத்தப் பிரிவையும் கிரியாட்டினினையும் கேளுங்கள், அடைப்பின் தீவிரம் என்ற கட்டத்தை நீக்குங்கள். முதல் இரண்டுக்கும் நன்றி தெரிவித்து விரைவில் பதில் வந்தது, இப்போது புதிய விண்ணப்பத்தில் இரத்தப் பிரிவுக்கு இடம் இருக்கிறது, சிட்ரேட் குழாய்க்குத் தனிப் பெட்டி வந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி இதுவரை எதுவும் எழுதவில்லை. என் மருத்துவர் இரண்டு அறிக்கைகளையும் வாங்கி, 158 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஓ பிரிவு, ஈறு ஆறியபின் மீண்டும்’ என்று எழுதி, கடைசிக் கட்டத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஆஞ்சியோகிராம் தட்டு இருக்கும் உறைக்குள் செருகி வைத்தார்.